தீமிதி என்று நான் வாசித்த சொல்

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு மகள் அழைத்தாள். வாரநாட்களில் அந்த நேரத்தில் அவள் கோலா கிளாவாங்கில் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டிருப்பாள். அது இரண்டு வாரப் பள்ளி விடுமுறை என்பது நினைவுக்கு வருவதற்குள் பயந்துவிட்டேன். பேத்திக்கு உடம்பு சரியில்லையோ என்றுதான் முதலில் தோன்றியது.

“பசியாறிட்டீங்களாப்பா?” என்றாள்.

“ஆச்சு. பாப்பா நல்லாருக்காளா?”

“நல்லாத்தான் இருக்கா. பூனை வாலப் புடிச்சு இழுத்துக்கிட்டு இருக்கா. எனக்கு ஒரு சொல்லுக்கு அர்த்தம் வேணும்பா. நீங்கதான் எல்லாத்தையும் படிச்சு வெச்சிருக்கீங்களே.”

மகள் ஒரு கிறிஸ்தவரைத் திருமணம் செய்துகொண்டவள். திருமணத்துக்கு முன்பே ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டாள். அதை முன்னிட்டு ரஹாங்கில் இருக்கும் எங்கள் வீட்டில் சண்டை எதுவும் நடக்கவில்லை. கையில் கிடைப்பதையெல்லாம் படிக்கிறவன் நான். வேதாகமத்தையும் பழைய தமிழில் இரண்டு முறை முழுதாக வாசித்திருக்கிறேன். அதனால் அவளுக்கு ஏதாவது ஐயம் வந்தால் போதகரைக் கேட்பதற்கு முன் என்னைக் கேட்பாள். எனக்கு அதில் கொஞ்சம் பெருமை உண்டு.

வரும் ஞாயிற்றுக்கிழமை பெண்கள் கூட்டத்தில் அவள் பேச வேண்டும். கொடுத்திருந்த பகுதி ஒரு புலம்பல். ஒரு மக்கள்கூட்டம் தங்கள் கடவுளை விட்டுவிட்டு விக்கிரகங்களின் பின்னால் போய், பெற்ற மகன்களையும் மகள்களையும் அவற்றுக்குக் கொடுத்துவிட்டது என்று அந்தக் கடவுளே அழுகிற பகுதி.

“ஏன் ஒன்னப் பேசச் சொன்னாங்க?”

“அதாம்பா எனக்கு ஒரு மாதிரியா இருக்கு. ‘நீ அங்கேருந்து வந்தவ, ஒனக்குத்தான் இதெல்லாம் தெரியும்’னு கூட்டத்த நடத்துற அக்கா சொல்றாங்க. நா என்னா காட்டுலேருந்தா வந்தேன்? நம்மாளுங்க என்னா பிள்ளையத் தின்னாங்களா?” சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். “ஒரு எடத்துல ‘தீக்கடக்கப்பண்ணினார்கள்’னு வருது. அப்படின்னா என்னாப்பா? கொன்னுட்டாங்களா, இல்ல வேறயா?”

நான் யோசிக்கவே இல்லை. பதில் வாயில் தயாராக இருந்தது.

“கடக்கப்பண்ணினாங்கன்னுதானே இருக்கு? கடக்குறதுன்னா இந்தப் பக்கம் எறங்கி அந்தப் பக்கம் ஏறுறதுலா. நம்ம தீமிதிதான். அப்பன் பிள்ளையத் தூக்கிக்கிட்டு பூக்குழியில எறங்குவான்ல, அதான். எழுதுனவரு வெளியாளு. அவரு கண்ணுக்கு அது பலியாத் தெரிஞ்சிருக்கு.”

“நெசமாவா?”

“நம்ம தோட்டத்துல வருசா வருசம் எத்தன பேரு பிள்ளையத் தூக்கிக்கிட்டு எறங்குனாங்க. ஒரு பிள்ளைக்கும் ஒன்னும் ஆனதில்ல.”

அவள் மூச்சை விட்டது எனக்குக் கேட்டது. “நல்லதாப் போச்சு. நம்மாளுங்களத் திட்டாம பேசிடலாம். அப்பா, உங்க நோட்டுல தீமிதி எல்லாம் எழுதி வெச்சிருப்பீங்கல்ல? யாரு யாரு பிள்ளையோட எறங்குனாங்க, எத்தன மணிக்கு, எல்லாம்? சனிக்கெழம காலையில வரேன். அதக் கையில வெச்சுக்கிட்டுப் பேசுனா அந்த அக்கா ஒன்னும் சொல்ல முடியாது.”

வா என்றேன். தொலைபேசியை வைத்துவிட்டுத் திரும்பினால் என் மனைவி சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கையில் கீரைக்கட்டு.

“ஒரு பிள்ளைக்கும் ஒன்னும் ஆனதில்லன்னு சொன்னீங்க,” என்றாள். கேள்வியாகக் கேட்கவில்லை. சொல்லிவிட்டு உள்ளே போய்க் கீரையை ஆயத் தொடங்கினாள்.

அப்போதுதான் நான் என்ன சொல்லிவிட்டேன் என்று எனக்குப் புரிந்தது.

என் மகளின் இடது பாதத்தில், கணுக்காலிலிருந்து சுண்டுவிரல் வரை, தோல் சுருங்கிப் பளபளப்பாக ஒரு தழும்பு இருக்கிறது. இரண்டு வயது நான்கு மாதத்தில் வந்தது. அம்மா கையிலிருந்த கேத்தல் தவறிக் கொதிநீர் கொட்டிவிட்டது என்றுதான் அவளுக்குச் சொல்லி வளர்த்தோம். கேத்தல் கொட்டவில்லை. நான் அவளைத் தூக்கிக்கொண்டு பூக்குழியில் இறங்கினேன். பாதி வழியில் அவள் என் இடுப்பிலிருந்து வழுக்கினாள். கால் நெருப்பில் பட்டது. இது எனக்கும் என் மனைவிக்கும் தெரியும். பார்த்தவர்கள் பலர் இருந்தார்கள். நாங்கள் அப்போது இருந்த ரப்பர் தோட்டம் கலைந்து ஆளுக்கொரு திசையில் போய்விட்ட பிறகு சொல்வதற்கு யாரும் மிஞ்சவில்லை.

புதன்கிழமை முழுவதும் வாசித்தேன். அந்தப் பகுதியை மட்டும் வாசித்து அர்த்தம் சொல்லிவிட்டதை நினைத்து வெட்கமாக இருந்தது. அதே செய்தி வேறு எந்தெந்த இடங்களில் வருகிறது என்று தேடித் தேடிக் காகிதத்தில் வரிசையாகக் குறித்துக்கொண்டேன். ஓர் இடத்தில் கடக்கப்பண்ணுதல் என்று மென்மையாக இருப்பது இன்னோர் இடத்தில் பலியிடுதல் என்று இருக்கிறது. மற்றோர் இடத்தில் இரத்தம் என்றே இருக்கிறது. அந்தப் பிள்ளைகள் அந்தப் பக்கம் ஏறவில்லை. தீமிதி பார்த்து வளர்ந்த என் காதுக்குக் ‘கடப்பது’ என்ற சொல்லில் ஒரு மறுகரை தானாகவே வந்து சேர்ந்துகொண்டது. குழி என்றால் முடிவில் கால் ஆற்றப் பாற்குழி இருக்கும், யாராவது கைபிடித்து ஏற்றுவார்கள் என்பது நமக்குக் கேட்காமலே தெரியும். இந்தத் தவற்றை வேறு ஊர்க்காரர் செய்திருக்க மாட்டார்.

ஒரு விளக்கவுரையில், அந்தப் பலிகள் நடந்த பள்ளத்தாக்கில் மேளம் அடித்தார்கள் என்று பழங்காலத்தவர் சொல்வதாக எழுதியிருந்தது. பிள்ளை அழுகிற சத்தம் தகப்பன் காதில் விழாமலிருக்க மேளமாம். உண்மையோ பொய்யோ, தெரியாது. நான் புத்தகத்தை மூடிவிட்டு வாசலுக்குப் போய் நின்றேன். வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. எதிர்வீட்டுக்காரர் மோட்டார்சைக்கிளைக் கழுவிக்கொண்டே “என்னா சார், ஒடம்பு சரியில்லயா?” என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று கையை ஆட்டினேன்.

வியாழக்கிழமை பழைய நோட்டை எடுத்தேன். சுவா ஊருக்கு உள்ளடங்கி இருந்த அந்தத் தோட்டத்தில் நான் கணக்கெழுதும் கிராணியாக இருந்தேன். காலைப் பெரட்டில் ஆள் கணக்கு எடுக்கும் பழைய புத்தகங்களில் மிஞ்சிய பக்கங்களில் நாள் தவறாமல் எழுதிவருகிறேன். மழை, காற்று, யார் பிறந்தார், யார் போனார், எந்த நேரம். அந்த வருடச் சித்திரைத் திருவிழாவின் பக்கத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை. எந்தப் பக்கம் என்று விரலுக்குத் தெரிந்திருந்தது.

எழுதியிருந்தது இவ்வளவுதான். ஞாயிறு. மாலை ஆறு பத்துக்குத் தீமிதி தொடக்கம். மழை இல்லை. உறுமி நன்றாக இருந்தது. பாப்பாவுக்கு இடது காலில் சிறு காயம்.

மறுநாள் பக்கத்தில்: காலை எட்டு மணிக்கு ஆஸ்பத்திரி. கேத்தல் தண்ணீர் பட்டதாக டிரசரிடம் சொல்லப்பட்டது.

சொல்லப்பட்டது. யார் சொன்னார் என்று இல்லை. என் வாழ்நாள் முழுக்க யார், எங்கே, எத்தனை மணிக்கு என்று எழுதியவன், அந்த ஒரு வரியில் ஆளை விட்டுவிட்டேன். பிறகு ஒவ்வொரு நாளும் கட்டு மாற்றியதைக் குறித்திருக்கிறேன். முதல் நாட்களில் ‘காயம்’ என்று இருக்கிறது. பதினோராம் நாள் ‘கேத்தல் புண்’ என்று எழுதியிருக்கிறேன். அதன் பிறகு எங்கும் கேத்தல் புண்தான். டிரசருக்கென்று தொடங்கிய பொய் பத்தே நாளில் என் நோட்டிலும் நுழைந்துவிட்டது.

கட்டுப் போட்ட டிரசரிடம் ஏன் பொய் சொன்னோம்? பிள்ளையோடு தீயில் இறங்கக் கூடாது என்று பெரிய துரை அந்த வருடம்தான் உத்தரவு போட்டிருந்தார். உத்தரவைப் பெரட்டுக்களத்தில் தமிழில் வாசித்தவன் நான். தெரிந்தால் என் வேலை போயிருக்கும்.

அந்தப் பொய்யை யார் தலையில் வைத்தோம் என்பதைத்தான் நான் பல ஆண்டுகள் நினைக்காமல் இருந்தேன். மகள் பெரியவளானதும், அடுப்பில் தண்ணீர் கொதித்தால் அம்மாவைத் தள்ளிப் போகச் சொல்லுவாள். பதினைந்து பதினாறு வயதில் ஏதோ சண்டையில், “நீங்கதானே என் கால சுட்டீங்க,” என்று அம்மா முகத்துக்கு நேரே சொன்னாள். என் மனைவி கோப்பையைக் கழுவினாள். நான் கூடத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். பேத்தி பிறந்தபோது எங்களிடம் விடவில்லை. பக்கத்துவீட்டு மலாய்க்கார அம்மாவிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போனாள். “தப்பா நெனைக்காதீங்கப்பா. அம்மாகிட்ட விட பயமா இருக்கு,” என்று என்னிடம் தனியாகச் சொன்னாள். நான், சரிமா, ஒன் இஷ்டம் என்றேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மனைவியிடம் கேட்டேன். “சொல்லிடலாமா?”

“இத்தன வருசம் கழிச்சா?” அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். “இப்ப எதுக்கு? அவ கூட்டத்துல பேசணும்னா?”

“தப்பா அர்த்தம் சொல்லிட்டேன். அத மாத்திச் சொல்லணும். மாத்துனா இதையும் சொல்லணும்.”

“அப்ப அர்த்தம் தப்பாப் போனதுக்காகத்தான் சொல்லப்போறீங்க.”

அவள் ஒரு சட்டையை உதறினாள்.

“ஒரு நாளாவது அவ ‘எந்த கேத்தல்’னு கேட்டுடுவாளோன்னு நா பயந்துக்கிட்டே இருந்தேன். நம்ம வீட்டுல அப்ப கேத்தலே இல்லலா. கோப்பித் தண்ணிய சட்டியிலதான் கொதிக்க வெப்பேன். கேத்தல் நீங்க ஸ்ரம்பான்லேருந்து வாங்கிட்டு வந்தது அதுக்கு அடுத்த தீபாவளிக்கி. இத்தன எழுதுற மனுசனுக்கு அது ஞாபகமில்ல.”

சிரித்தாள். நானும் சிரிக்கப் பார்த்தேன். முடியவில்லை. மகள் முகம் எப்படி மாறும் என்று நினைத்துப் பார்க்கவே பயமாக இருந்தது. அவளை இழந்தால் பேத்தியையும் இழப்பேன். இந்த வயதில் அதன் பிறகு எனக்கு மிச்சம் என்று எதுவும் இல்லை.

சனிக்கிழமை காலை பத்து இருபதுக்கு அவளுடைய காடி வாசலில் நின்றது. மலைப்பாதையில் மழையாம்; மெதுவாக வந்ததாகச் சொன்னாள். பேத்தி இறங்கியதும் நேராகச் சமையலறைப் பக்கம் ஓடினாள். “பாப்பா, அங்க போகாத. பாட்டி சூடா சமைக்கிறாங்க,” என்று மகள் எட்டிப் பிடித்தாள். உள்ளேயிருந்து வந்த என் மனைவி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். நீட்டிய கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். இதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அன்றுதான் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும்.

“எங்கப்பா நோட்டு?” என்று மகள் உட்கார்ந்தாள். பையிலிருந்து தாளும் பேனாவும் எடுத்தாள்.

“மொதல்ல ஒன்னு. நா சொன்ன அர்த்தம் தப்பு. அந்தப் பிள்ளைங்க செத்துப்போச்சுங்க.”

அவள் பேனா நின்றது. “தீமிதி இல்லயா?”

“இல்ல.”

“அப்ப நம்மாளுங்க செய்யிறது வேற, அது வேற. அதையே சொல்லிடுறேன். அது இன்னும் நல்லதுதானே? நோட்டக் குடுங்க.”

நோட்டைக் கொடுத்தேன். அடையாளத்துக்குக் காகிதம் வைத்திருந்தேன். அவள் ஞாயிறு பக்கத்தை வாசித்தாள். திருப்பி மறுநாள் பக்கத்தை வாசித்தாள். மறுபடியும் முந்தைய பக்கம். அவள் இடது கால் நாற்காலிக்கு அடியில் மெல்லப் பின்னால் போனது.

“கேத்தல் இல்லயா?” என்றாள்.

“நா ஒன்னத் தூக்கிக்கிட்டு எறங்குனேன். வழுக்கிட்ட. ஓடிக்கிட்டே தூக்கி வெச்சேன். நிக்கல.” நோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். “அம்மா மேல தப்பு இல்ல. எப்பவுமே இல்ல.”

“ஏன்பா?”

இந்த ஒரு கேள்விக்குத்தான் நான் நான்கு நாட்களாகப் பயந்துகொண்டிருந்தேன். உண்மையைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். வாய் திறந்தபோது வேறொன்று வந்தது.

“ஒனக்குக் காய்ச்சல். கொறையல. வேண்டிக்கிட்டேன்.”

அவள் கண் நிறைந்துவிட்டது. என்னை வெறுக்கவில்லை என்று தெரிந்தது. உயிர் திரும்பி வந்தது போல் இருந்தது எனக்கு. அந்த நிம்மதி எவ்வளவு நேரம் இருந்திருக்கும்? ஒரு நிமிடம்கூட இல்லை.

“அம்மா எங்க நின்னாங்க அப்ப?” என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. நோட்டிலும் இல்லை. உறுமி நன்றாக இருந்தது என்று எழுதியவன், பிள்ளையைப் பெற்றவள் எங்கே நின்றாள் என்று எழுதவில்லை.

மகள் எழுந்து சமையலறைக்குப் போனாள். பேத்தி அவள் பின்னால் போனாள். இந்த முறை அவள் தடுக்கவில்லை. நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். நடுவில் ஒரு சுவர்தான். எல்லாம் கேட்டது.

“நீங்க எங்கம்மா நின்னீங்க?”

குழாய்த் தண்ணீர் நின்றது.

“பாக்குழி பக்கத்துல. கைய நீட்டிக்கிட்டே நின்னேன். எறங்காதீங்கன்னு கத்துனேன். மேளத்துல கேக்கல.”

“காய்ச்சலுக்கு வேண்டிக்கிட்டாராம்.”

“ஒனக்குக் காய்ச்சல் விட்டு அப்ப மூணு நாளாச்சு,” என்றாள் என் மனைவி. “அன்னிக்கிக் காலையில நீ நல்லா ஓடி வெளையாண்டே.”

இத்தனை ஆண்டுகளில் மகளிடம் அவள் என்னை மறுத்துச் சொன்ன முதல் வார்த்தை அது. கோபமாகச் சொல்லவில்லை. கறிக்கு உப்புப் போட்டாச்சு என்று சொல்வது போலத்தான் சொன்னாள்.

மகள் திரும்பி வந்து என் எதிரில் நின்றாள். உட்காரவில்லை.

“ஏன்பா?” என்றாள் மறுபடியும்.

இரண்டாம் முறை கேட்டபோது சொன்னேன். அந்த வருடம் பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்டார்கள். ஆள் குறைப்பு. எந்தெந்த வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்ற பட்டியலைத் துரை சொல்லச் சொல்ல நான்தான் தட்டச்சு செய்தேன். அதன் பிறகு தொழிலாளர் லயத்துப் பக்கம் போனால் பேச்சு நின்றுவிடும். நான் தாண்டிப் போகும்வரை காத்திருந்து, “கிராணி வெரலு மெசின்ல பட்டா நமக்கு வீடு போகும்லா,” என்று யாராவது சொல்வார்கள். சிரிப்பார்கள். கடையில் என் பக்கத்தில் உட்கார மாட்டார்கள். எனக்கு ஊரில் இருக்கவே பயமாக இருந்தது. துரை உத்தரவை மீறி, நானும் உங்களில் ஒருவன் என்று எல்லோரும் பார்க்கும்படி ஏதாவது செய்ய வேண்டும் போல் இருந்தது. நான் மட்டும் இறங்கினால் போதாது, பிள்ளையோடு இறங்கினால்தான் நம்புவார்கள் என்று நினைத்தேன்.

காப்புக் கட்டும்போது பூசாரியிடம் சொன்னேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “ஆத்தா ஒன்னும் கேக்கலயே, கிராணி. நீங்க எறங்குங்க. பிள்ள வீட்டுல தூங்கட்டும்,” என்றார். வேண்டுதல் என்று பொய் சொன்னேன். வேண்டுதல் என்றால் அவர் தடுக்க முடியாது.

அந்தப் புலம்பலின் ஓரிடத்தில் கடவுள், இதை நான் கேட்கவும் இல்லை, இப்படி ஒன்று என் மனதில் தோன்றவும் இல்லை என்கிறார். இரண்டு முறை முழுதாக வாசித்தபோதும் அந்த இடத்தை நான் எளிதாகத் தாண்டிப் போயிருக்கிறேன். புதன்கிழமை அங்கேயே நின்றுவிட்டேன். கேட்காத ஒருவர் பெயரைச் சொல்லித்தான் அந்தத் தகப்பன்மார் கொடுத்திருக்கிறார்கள். என் பிள்ளையை அம்மன் கேட்கவில்லை. பூசாரி வாயால் வேண்டாம் என்றும் சொல்லிவிட்டாள். நான் விழுந்து கும்பிட்டது லயத்து வாசலில் நின்ற அந்தச் சிரிப்பை. எனக்கு விக்கிரகம் அதுதான். அந்தப் பகுதியைப் படிக்கிறவர்கள் கோயிலைத் தேடிப் போகிறார்கள். என் மகளுடைய அந்த அக்காவும் அங்கேதான் போகிறார்.

இவ்வளவும் மகளிடம் இந்த ஒழுங்கில் சொல்லவில்லை. தட்டுத்தடுமாறித்தான் சொன்னேன்.

“அப்ப எனக்காக இல்ல,” என்றாள்.

“இல்ல.”

அவள் நோட்டை மூடி மேசையில் வைத்தாள். தாளையும் பேனாவையும் பையில் போட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் பயம் குறைந்திருக்கும்.

“பதினாறு வயசுல அம்மாகிட்ட நா என்னா சொன்னேன்னு ஒங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும். கூடத்துலதான் இருந்தேன்.”

“கேட்டுக்கிட்டு இருந்தீங்களா?”

ஆமென்று தலையை ஆட்டினேன்.

அவள் உள்ளே போனாள். மெல்லிய குரலில் அவர்கள் பேசியது இந்த முறை எனக்குக் கேட்கவில்லை. எழுந்து போய்க் கேட்கவும் துணிவில்லை. சுவருக்கு அப்பால் என் பேத்தி மட்டும் ஏதோ பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில்தான் எனக்கு ஒன்று தோன்றியது. இந்த நான்கு நாட்களும் அந்தப் புலம்பலைக் குற்றம் சாட்டப்பட்டவனாகவே வாசித்தேன். அது என் மேல் வந்த கோபம் என்றே பயந்தேன். கோபக்காரர் அப்படிப் பேச மாட்டார். குழியின் முடிவில் கையை நீட்டிக்கொண்டு நின்று, கத்தியும் மேளத்தில் கேட்காமல் போன ஒருவர்தான் அப்படிப் பேசுவார். அப்படிப்பட்ட ஒருத்தி என் வீட்டிலேயே சோறாக்கிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டரைக்கு என் மனைவி துணிப்பையோடு வந்தாள். “நாலஞ்சு நாளு அங்க இருந்துட்டு வரேங்க. சோறு பானையில இருக்கு. கீரை சட்டியில.”

நாங்கள் கோலா கிளாவாங்கிற்குப் போகும்போதெல்லாம் அன்றே திரும்பிவிடுவோம். அங்கே அவள் ஓர் இரவும் தங்கியதில்லை. யாரும் தங்கச் சொன்னதும் இல்லை.

வாசலில் மகளிடம், “நாளைக்கிக் கூட்டத்துல என்னயப் பத்திப் பேசு. பேரச் சொல்லியே பேசு,” என்றேன்.

அவள் பேத்தியைப் பின்னிருக்கையில் அம்மா மடியில் உட்காரவைத்து இருக்கைவாரைச் சரிபார்த்துவிட்டு நிமிர்ந்தாள். “என்னா பேசணும்னு நா பாத்துக்குறேன்பா. அதையும் நீங்களே சொல்லாதீங்க.”

காடி பின்வாங்கித் திரும்பிப் போனது. தெருமுனைவரை பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் கையாட்டவில்லை, பேத்திக்கு ஆட்டத் தெரியும், அவள் மறுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை யாரும் அழைக்கவில்லை. நானும் அழைக்கவில்லை. இரண்டு முறை எண்ணை அழுத்தப் போய்க் கையை எடுத்துக்கொண்டேன். இன்று திங்கட்கிழமை, பதினொன்றே காலுக்கு என் மனைவி அழைத்தாள்.

“மருந்து சாப்டீங்களா?”

“சாப்டேன். கூட்டத்துல என்னா பேசுனா?”

“பேசல. அந்தப் பகுதிய சத்தமா வாசிச்சா. முழுசா வாசிச்சுட்டு உக்காந்துட்டா.”

“யாரும் ஒன்னும் கேக்கலயா?”

“அந்த அக்கா ஏதோ கேட்டுச்சு. இவ, எனக்கு இவ்ளோதான் தெரியும்னு சொல்லிட்டா.”

“என்னயப் பத்தி எதாச்சும் சொன்னாளா? வீட்டுலயாவது?”

“இல்ல.”

“எப்ப வருவே?”

“தெரியலங்க.” பின்னால் பேத்தி எதையோ கேட்டாள். “பாப்பா குளிக்கணும்னு நிக்கிறா. சுடுதண்ணி வெச்சிருக்கேன்.”

போனை வைக்கிறேன் என்று சொல்லிவிட்டு அவள் அதை அணைக்கவில்லை. மேசையிலோ எங்கேயோ அப்படியே வைத்துவிட்டாள் போலிருக்கிறது. வாளியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. பேத்தி சிரித்தாள். பிறகு மகளின் குரல், எட்டத்திலிருந்து, ஏதோ ஒரு சொல். அது என்ன சொல், என்ன மாதிரிச் சொல் என்று காதை அழுத்திக்கொண்டு கேட்டேன். பிடிபடவில்லை. இணைப்பைத் துண்டிக்க எனக்குப் பயமாக இருந்தது.